கத்திரி வெயிலுக்குப் பொதுக் குளிர்கூடம் வேண்டுமா? வேலூர்க்காரர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை: கத்திரியில் நம்ம ஊர் 105, 108 டிகிரி என்று போவது புதிதில்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். செத்த பிறகு கொடுப்பதற்கு முன்னால், உயிரோடு இருக்கும்போது ஒதுங்க ஓர் இடம் கொடுக்கலாமே? மே மாதம் பள்ளிக்கூடங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. பகல் 11 முதல் 4 வரை ஏர்கூலர், குடிதண்ணீர், ஓஆர்எஸ் வைத்துத் திறந்துவிடட்டும்.

சத்துவாச்சாரி சந்தேகி: நீர்மோர் பந்தல் கதைதான் நடக்கும் சார். முதல் நாள் தர்ப்பூசணி, போட்டோ. நாலாம் நாள் காலிப் பானை. அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். 2013-ல் வெயிலுக்கென்றே செயல்திட்டம் போட்டு, பிற்பாடு ஏழைகள் வீட்டுக் கூரைக்கு வெள்ளை அடிப்பதையும் அதில் சேர்த்தார்கள். அப்படிச் செலவழியுங்கள். மரம் நடுங்கள்.

பாலாற்றங்கரை: மரம் நிழல் தர பத்து வருஷம் ஆகும். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்களோடு துணைக்கு வரும் கூட்டத்தை மதியத்தில் பார்த்ததில்லையா? சின்ன லாட்ஜ் அறை அனலாய்க் கொதிக்கிறது என்று கடை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். கூரைக்கு வெள்ளை அடித்தால் இவர்களுக்கு என்ன லாபம்?

மண்டித்தெரு லோடு: நான் மூட்டை தூக்குபவன். 12 மணிக்குக் கூடத்தில் போய் உட்கார்ந்தால் என் லோடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். விடியற்காலையில் இறக்கிவிட்டு மதியம் ஓய்வு என்று முதலாளிகளோடு பேசி முடியுங்கள். அப்புறம் நாங்களே வந்து படுத்துக்கொள்கிறோம்.

கொசப்பேட்டைக்காரி: எங்கள் அம்மா பீடி சுற்றுகிறார். ஃபேன் போட்டால் தூள் பறக்கும் என்று நிறுத்திவிட்டுத்தான் சுற்றுவார், அதுவும் ஷீட் வீட்டில். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, கை நின்றால் காசு நின்றது. முறத்தோடு உள்ளே விடுவீர்களா? விட மாட்டீர்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தும்மல் வரும். இன்னொன்று அண்ணா, பகலை எப்படியோ தள்ளிவிடலாம். பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சுவரும் தளமும் ராத்திரிதான் கக்கும். தூக்கமே இல்லை. உடம்பு ஆறவில்லை என்றால் மறுநாள் வெயிலை எப்படித் தாங்கும்? திறப்பதென்றால் ராத்திரி எட்டு மணிக்குத் திறங்கள்.

சத்துவாச்சாரி சந்தேகி: ராத்திரி என்றால் பெண்களுக்குத் தனி அறை, கழிவறை, காவலுக்கு ஆள் வேண்டும். குடித்துவிட்டு வருபவனை யார் வெளியே அனுப்புவது? அத்தனையும் செய்தாலும் ஒரு சந்தேகம். 1995-ல் அமெரிக்காவின் சிகாகோவில் வெயிலுக்கு 700 பேருக்கு மேல் இறந்தார்கள். நிறையப் பேர் தனியாக இருந்த வயசானவர்கள், பயத்தில் ஜன்னலைக்கூடத் திறக்காதவர்கள். தனியாக இருக்கும் கிழவி உங்கள் கூடத்துக்குத் தானாக நடந்து வருவாரா?

பாலாற்றங்கரை: வர மாட்டார், போய்க் கூப்பிட வேண்டும். அதற்குப் புது ஆள் தேவையில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து நடக்கிறது. பிபி, சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். பிபிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் உடம்பின் நீரை இறக்குபவை. வெயில் முதலில் சாய்ப்பது அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களைத்தான்.

கூலர் மெக்கானிக்: நடுவில் ஒரு வார்த்தை. ஏர்கூலரை வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்தினால் அரை மணியில் அறை புழுங்கும். ஈரக்காற்று வெளியே போக வழி விட வேண்டும். நம்ம ஊர் மதியக் காற்று காய்ந்த காற்று, அதனால் கூலர் நன்றாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் இவ்வளவு பலன் கிடைக்காது. ஆனால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். குழாயில் தண்ணீர் வராத தெருவில் கூலருக்கு எங்கே போவீர்கள்?

மண்டித்தெரு லோடு: அதைக் கேளுங்கள் முதலில்.

சத்துவாச்சாரி சந்தேகி: சரி, பகல் 11-4 என்றால் நான் இன்னமும் எதிர்ப்புதான். ஷீட் வீடுகள் அதிகமுள்ள வார்டில் ஒரே ஒரு பள்ளி, ராத்திரி மட்டும், கத்திரி முடியும் வரை. தினம் எத்தனை பேர் தூங்கினார்கள் என்று வாசலிலேயே எழுதி வைக்கட்டும். பத்துப் பேர்கூட வரவில்லை என்றால் அந்தக் காசு கூரைக்குப் போக வேண்டும். ஒப்புக்கொள்கிறீர்களா?

பாலாற்றங்கரை: ராத்திரிக்குச் சரி. ஆஸ்பத்திரிப் பக்கம் பகலிலும் ஒன்று வேண்டும், அதை விட மாட்டேன்.

கொசப்பேட்டைக்காரி: முறத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.