பிளெவ்னா 1877: துருக்கியர் கையில் இருந்தது நம் ஊர் மார்ட்டினியா?

டண்டி மண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கராஜில் ஒரு பழைய கதவை மேசையாகப் போட்டு, மூன்று மாதமாக பிளெவ்னாவின் கிரிவிட்சா மண்கோட்டையைச் சின்ன மாதிரியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பிளெவ்னா பல்கேரியாவில் இருக்கும் ஊர், ரஷ்யரும் ருமேனியரும் சேர்ந்து துருக்கியரோடு போரிட்ட இடம். 1877 செப்டம்பர் 11 அன்று ருமேனியர்கள் ஏறிப் பிடித்த கோட்டை அது. மண் வேலை முடிந்தது, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிவப்பு மண்ணைச் சலித்துப் போட்டேன். பொம்மைச் சிப்பாய்களின் கையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுப்பது என்று தெரியாமல்தான் இப்போது நிற்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் ஜூலுக்கள் பிரிட்டிஷ் படையை வீழ்த்திய இசன்ட்ல்வானா எங்கள் டண்டி ஊருக்குப் பக்கம். சின்ன வயதில் அப்பா கூட்டிப்போய் அங்கே சிப்பாய்களைப் புதைத்த வெள்ளைக் கற்குவியல்களைக் காட்டியிருக்கிறார். அங்கே 1879இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்திருந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிதான் துருக்கியரிடமும் இருந்ததா? அடுத்தடுத்துச் சுடும் வின்செஸ்டர் துப்பாக்கியை வைத்துத்தான் ரஷ்யர்களை விரட்டினார்கள் என்று சொல்கிறார்களே, அது சரியா? குதிரைப்படைக்கு என்ன கொடுக்கலாம்?

பழைய ஃபிட்டர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தம்பி, நான் 41 வருஷம் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். ஒருமுறை ஒருவர் தன் குடும்பத்து மார்ட்டினி-ஹென்றியைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தார். ஒரு சனிக்கிழமை முழுக்க அதைக் கழற்றிப் பூட்டினேன். அடியில் உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் இரும்புக் கட்டையின் முன்பக்கம் இறங்கும், வெற்றுத் தோட்டா பின்னால் தெறிக்கும். கட்டையின் மேலே ஒரு பள்ளம் இருக்கிறது. புதுத் தோட்டாவை அதில் வைத்து உள்ளே தள்ளி, நெம்புகோலை மேலே தூக்கினால் சுடலாம். அடிக்கும் ஊசி உள்ளேயே இருப்பதால் சுத்தியலைத் தனியாக இழுக்கும் வேலை கிடையாது.

துருக்கியருடையது இதற்கு உடன்பிறப்பு, பெயர் பீபாடி-மார்ட்டினி. அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் இருந்த பிராவிடன்ஸ் டூல் கம்பெனி 6,00,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் எடுத்துச் செய்தது. துளை அதே 0.45 அங்குலம், தோட்டா மட்டும் வேறு. பொம்மை அளவில் அந்த வித்தியாசம் தெரியாது, தைரியமாக மார்ட்டினியையே கொடு.

ருமேனியக் காலாட்படையிடம் இருந்தது பழைய பீபாடி. அதில் சுத்தியல் வெளியே இருக்கும். அதைச் செய்ததும் அதே பிராவிடன்ஸ் கம்பெனிதான்! மேட்டில் நின்றவனும் கீழேயிருந்து ஏறியவனும் ஒரே பட்டறைத் துப்பாக்கியால் ஒருவரை ஒருவர் சுட்டிருக்கிறார்கள். இதை முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அரமும் கையுமாக அந்தப் பட்டறையில் நின்ற ஆட்களையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

வின்செஸ்டர் கதைக்கு வருகிறேன். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். அதன் குண்டு 13 கிராம், மார்ட்டினியுடையது 31 கிராம். சுமார் 200 கஜத்தைத் தாண்டினால் வின்செஸ்டரை நம்ப முடியாது. கிட்டே வந்துவிட்டவனை அடுக்கடுக்காகச் சுட அதைப் பதுங்குகுழியில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ரஷ்யர்கள் அங்கே வந்து சேருவதற்குள்ளேயே மார்ட்டினி அவர்களைக் குறைத்துவிட்டது.

பெரும்பாலான ரஷ்யச் சிப்பாய்களிடம் இருந்தது கிர்ன்கா. குழலின் வாய்வழியாக நிரப்பும் பழைய துப்பாக்கியைப் பின்வழியாக நிரப்பும்படி மாற்றியது. 15.24 மில்லிமீட்டர் துளை, கனமான குண்டு. வெற்றுத் தோட்டா சிக்கிக்கொண்டால் குச்சியை வாய்வழியாக விட்டுத் தட்டி எடுக்க வேண்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குறிபார்க்கும் தகட்டில் சாதாரணச் சிப்பாய்க்கு 600 அடிவைப்புவரைதான் அளவு போட்டுக் கொடுத்தார்கள், அதாவது 430 மீட்டர். ஹவில்தார்களுக்கு மட்டும் 1,200. தூரத்தில் சுட்டால் தோட்டா வீணாகும் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். எதிரே இருப்பவனோ ஆயிரம் கஜத்துக்கு அப்பாலிருந்தே சுடுகிறான். பதிலுக்குச் சுட வழியில்லாமல் அந்தப் பிள்ளைகள் நடந்தே வந்தார்கள். நல்ல பெர்தான் துப்பாக்கி ரஷ்யாவிடம் இருந்தது, ஆனால் ஜாரின் மெய்க்காவல் படைக்கும் வேறு சிலருக்கும்தான் கிடைத்தது. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

குதிரை லாயம், டர்பன்:

அண்ணா காலாட்படையைச் சொல்லிவிட்டார், நான் குதிரையைச் சொல்கிறேன். அந்த வின்செஸ்டர் கார்பைன்கள் (குட்டைத் துப்பாக்கிகள்) முதலில் துருக்கியக் குதிரைப்படைக்கு வாங்கியவை. பிளெவ்னாவில் மண்கோட்டைக்குள் நின்று போரிடும்போது குதிரைக்கு வேலை ஏது? அதனால் காலாட்படைக்கு வந்தன.

ரஷ்யரின் கொசாக் குதிரை வீரர்களுக்கு ஈட்டி, முதுகில் தொங்கும் பெர்தான், இடுப்பில் ஷாஷ்கா வாள். இரண்டு விஷயத்தைத் தவறவிடாதீர்கள். கொசாக்கின் பெர்தானில் விசையைச் சுற்றி வளையம் கிடையாது, ஒரு சின்ன உருண்டைதான் விசை. ஷாஷ்காவில் கையை மறைக்கும் காப்பு இல்லை, கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி தொங்கவிடுவார்கள். அப்புறம், பொம்மையின் குதிகாலில் குதிரையைக் குத்தும் முள் இருந்தால் வெட்டிவிட்டு கையில் சவுக்கு கொடுங்கள். 19 வருஷமாகப் பந்தயக் குதிரைகளோடு இருக்கிறேன், இதையெல்லாம் நான் விட மாட்டேன்.

லேடிஸ்மித்காரன்:

மண்வெட்டியை விட்டுவிட்டீர்களே! இசன்ட்ல்வானாவில் மார்ட்டினி இருந்தும் முகாமைச் சுற்றி ஒரு குழிகூட வெட்டவில்லை. துருக்கியத் தளபதி உஸ்மான் பாஷா 1877 ஜூலை 19 அன்று பிளெவ்னாவுக்கு வந்ததும் தோண்ட ஆரம்பித்தார், தோண்டிக்கொண்டே இருந்தார். மூன்று தாக்குதலிலும் ரஷ்யர்களால் ஊரைப் பிடிக்க முடியவில்லை. ரஷ்யப் பொறியியல் தளபதி டோட்லேபென் வந்து சுற்றி வளைத்துப் பட்டினி போட்ட பிறகுதான், டிசம்பர் 10 அன்று சரணடைந்தார்கள். டண்டி மண் அவர்களே, உங்கள் துருக்கியரில் நாலு பேருக்காவது துப்பாக்கி வேண்டாம், மண்வெட்டி கொடுங்கள்.

டண்டி மண்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணா சொன்ன வெளிச் சுத்தியலுக்கு ஊசித் தலையை நறுக்கி ருமேனியர் துப்பாக்கியில் ஒட்டிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. பன்னிரண்டு முடிந்தது, இன்னும் முப்பது இருக்கிறது. அண்ணா, பீபாடியின் சுத்தியல் வலப் பக்கம்தானே?

பழைய ஃபிட்டர்:

வலப் பக்கம்தான் தம்பி. ஒட்டி முடித்ததும் படம் போடு.