பள்ளத்தாக்கில் காற்று எச்சரிக்கை: இரவுப் பணிக்குப் புறப்படலாமா?

புதிதாய் வந்தவள்:
வணக்கம். நாங்கள் பிரிட்டனின் வேல்சில் ஒரு பள்ளத்தாக்கு ஊருக்கு வந்து சில வாரங்களே ஆகின்றன. நாளை மாலை முதல் பலத்த காற்று வீசும் என்று மஞ்சள் எச்சரிக்கை விடுத்திருக்கிறார்கள். எனக்கோ இரவுப் பணி. வானிலைச் செயலியில் 28 என்றும் அதன் கீழே 55 என்றும் காட்டுகிறது. எதை நம்புவது? கைக்குழந்தையைக் கணவரிடம் விட்டுச் செல்லவும் பயமாக இருக்கிறது. தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
கலங்காதீர்கள், சகோதரி. பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு மலையே அரண். காற்று தலைக்கு மேலே போய்விடும். குளிர்தான் உண்மையான எதிரி. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் பழைய கல்வீட்டின் கதவிடுக்குகளில் துணியைச் சுருட்டித் திணித்துவிட்டு, மூவரும் ஒரே அறையில் படுத்தோம். முதலில் தடித்த திரைச்சீலைகளை வாங்குங்கள்.

யாழ்ப்பாணத்தான்:
மலை அரண் என்பதை நான் ஏற்கமாட்டேன், அண்ணா. காற்று குறுக்கே வீசினால் ஓரளவு மறைவு கிடைக்கும். பள்ளத்தாக்கின் நீளவாக்கில் வீசினால் இரு சரிவுகளுக்கும் நடுவே நெருக்கப்பட்டு இன்னும் வேகமெடுக்கும். 2024 டிசம்பர் 7 அன்று வீசிய டாராக் புயலுக்காக மேற்கு, தெற்கு வேல்சுக் கரையோரங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். வடக்கே கேப்பல் கியூரிக்கில் மணிக்கு 93 மைல் பதிவானது. முதல்நாள் மாலை அரசின் அவசர எச்சரிக்கையால் ஏறக்குறைய 30 லட்சம் பேரின் கைப்பேசிகள் ஒருசேர அலறின. அந்த ஒலி இன்றும் என் காதில் நிற்கிறது. வேலைக்கே போகாதீர்கள், தங்கச்சி.

கார்டிஃப் அண்ணாச்சி:
போகாமல் இருந்தால் சம்பளத்தை யார் தருவார்கள்? மின்சாரம் போனால் எரிவாயுக் கொதிகலனும் நின்றுவிடும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆடுகிற ஜன்னலைச் சரிசெய்யச் சொல்லி வீட்டு உரிமையாளருக்கு எத்தனை முறை எழுதினாலும் பதில் வராது. காற்றடித்தால் பேருந்தும் சொல்லாமல் நின்றுவிடும்.

மலைப்பாதை:
அண்ணாச்சியின் ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பெண் நாளை மாலை புறப்பட வேண்டும். எந்தப் பள்ளத்தாக்கு, எங்கே பணி, காரா பேருந்தா என்று முதலில் சொல்லம்மா.

புதிதாய் வந்தவள்:
ரொண்டா பள்ளத்தாக்கில் ட்ரியோர்க்கி, அக்கா. பணி மெர்தர் டிட்ஃபில் மருத்துவமனையில். கார் இருக்கிறது. வழிகாட்டி வரைபடம் ரிகோஸ் மலைச்சாலையைக் காட்டுகிறது.

மலைப்பாதை:
அப்படியானால் கேள். நம் ஊர் வானிலை அறிக்கையில் ‘இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும்’ என்று வாசிப்பார்களே, அந்த இடையிடையே வரும் வேகம்தான் இந்த 55. 28 என்பது சராசரி. இங்கே மைல் கணக்கு என்பதால் 55 என்பது ஏறக்குறைய 88 கிலோமீட்டர். காரைத் தள்ளுவதும் மரத்தை முறிப்பதும் அந்தப் பெரிய எண்தான்.

அதோடு திசையையும் பார். ரொண்டா வடமேற்கிலிருந்து தென்கிழக்காக இறங்குவதால், வழக்கமான தென்மேற்குக் காற்று அதைக் குறுக்கே கடக்கும். வடமேற்குக் காற்று உன் தெருவழியே நேராக இறங்கும். செயலி காட்டுவது கீழே உள்ள ஊரின் கணக்கு. ரிகோஸ் சாலையோ 400 மீட்டருக்கும் மேலே, மறைப்பே இல்லாத வெட்டவெளியில் போகிறது. அதனால் வழிகாட்டி என்ன சொன்னாலும் நாளை இரவு அந்தப் பக்கம் போகாதே. ஏ4058 சாலை வழியாகப் பாண்டிபிரித்துக்கு இறங்கி, அங்கிருந்து ஏ470-இல் வடக்கே செல். நேரம் கூடும், ஆகவே முன்கூட்டியே கிளம்பு.

மஞ்சள் என்பது வேகத்தை மட்டும் குறிப்பதில்லை; பாதிப்பு எவ்வளவு, அது நிகழ வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்தே நிறத்தை முடிவு செய்கிறார்கள். ஆகவே காலையிலும் புறப்படுமுன்பும் மறுபடி பார். மஞ்சளுக்கு அடுத்த கட்டமான ஆம்பர் நிறத்துக்கு உயர்ந்தால் உடனே வார்டுப் பொறுப்பாளரை அழைத்துப் பேசு.

மின்சாரம் போனால் 105-ஐ அழைக்கும்படி கணவரிடம் சொல்லிவை, கட்டணம் கிடையாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருப்பதால், மின்விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இன்றே பெயரைப் பதிந்துகொள். குழந்தைக்கு வெந்நீரைப் பிளாஸ்கில் நிரப்பி வை. குப்பைத்தொட்டியைச் சுவரோரம் கட்டிவிடு. காலையில் செயலி எந்தத் திசையைக் காட்டுகிறது என்று இங்கே எழுது. நான் பார்த்துச் சொல்கிறேன்.