பாலன் இல்லாத கிறிஸ்துமஸ் படமா? ‘க்ளவுஸ்’ பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஏற்காட்டு ரோஜா:
இந்த வருடம் நள்ளிரவுப் பூசைக்குப் போகும் முன் வீட்டில் எல்லோரும் ‘க்ளவுஸ்’ பார்த்தோம். 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த கார்ட்டூன் படம். வெளியே பனிமூட்டத்தில் வாசல் கேட்டுகூடத் தெரியவில்லை, உள்ளே சின்னவன் முதல் அம்மாயி வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சோம்பேறி மகன் ஜெஸ்பரை அப்பா ஒரு கடைக்கோடி ஊருக்குத் தபால்காரனாக அனுப்புகிறார், ஒரு வருடத்தில் 6,000 கடிதம் சேர வேண்டும், ஆனால் அங்கே இரண்டு கூட்டம் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்வதால் யாரும் யாருக்கும் எழுதுவதில்லை. காட்டில் தனியாக இருக்கும் க்ளவுஸ் என்ற மரவேலைக்காரர் வீடு நிறையப் பொம்மை வைத்திருக்கிறார். கடிதம் எழுதினால் பொம்மை கிடைக்கும் என்று ஜெஸ்பர் கிளப்பிவிட, எழுதத் தெரியாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறார்கள். குடும்பத்தோடு பார்க்க இதைவிட நல்ல கிறிஸ்துமஸ் படம் எனக்குத் தெரியவில்லை.

நாலு ரோடு அந்தோணி:
நல்ல படமாக இருக்கட்டும், கிறிஸ்துமஸ் படம் என்று மட்டும் சொல்லாதீங்க. பாலன் இயேசு பிறப்பைப் பற்றி ஒரு பேச்சு உண்டா? கிறிஸ்துமஸ் தாத்தா என்று நாம் கொண்டாடுபவரே மைரா நகரத்து ஆயர் புனித நிக்கோலாஸ், டிசம்பர் 6 அவருடைய திருநாள், அவரைத் தூக்கிவிட்டு ஒரு மரவேலைக்காரரை வைத்துவிட்டார்கள். இங்கே சேலம் குழந்தை இயேசு பேராலயத்துக் குடில் முன்னால் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துங்க, அது கேட்கும் முதல் கேள்வியே ‘ஏன் மாட்டுக்கொட்டகையில பொறந்தாரு’ என்பதுதான். அந்தக் கேள்வியை எந்தப் பொம்மையும் எழுப்பாது.

ஏற்காட்டு ரோஜா:
அண்ணா, குடில் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, பாசி முதற்கொண்டு பிள்ளைகள் பொறுக்கி வந்து வைத்ததுதான். நிக்கோலாஸ் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஏழைப் பெண்களுக்குப் பொன் கொடுத்தார் என்றுதானே நமக்கும் கதை சொன்னார்கள்? இந்தப் படமும் அதே வேலையைத்தான் காட்டுகிறது. மார்கு என்று ஒரு சிறுமி வருகிறாள், வட ஐரோப்பாவின் பழங்குடியான ‘சாமி’ (Sámi) இனத்தவள், அவள் பேசுவது ஜெஸ்பருக்கும் புரியாது, நமக்கும் கீழே எழுத்து போடுவதில்லை. பாதிப் படம் வரை ‘என்ன சொல்றான், என்ன சொல்றான்’ என்று கேட்டுக்கொண்டே இருந்த அம்மாயி, அவள் வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார். அவளுக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு சறுக்குவண்டி செய்கிறார்கள், அதுவரை தன் லாபத்துக்காகவே ஓடிய ஜெஸ்பருக்கு அதில் கிடைப்பது ஒன்றுமில்லை. காலையில் அவள் அதில் ஏறிப் போகும்போது அம்மாயி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது கிறிஸ்துமஸ் இல்லையென்றால் வேறு எது?

செவ்வாய்ப்பேட்டை ஓவியன்:
மதப் பேச்சை நீங்களே பேசிக்கொள்ளுங்கள். கையால் வரைந்த படம் அது, பலர் கம்ப்யூட்டர் பொம்மைப் படம் என்றே நினைக்கிறார்கள். வரைந்த உருவத்தின் மேல் வெளிச்சமும் நிழலும் விழும் விதத்துக்குத் தனியாக உழைத்திருக்கிறார்கள், விளக்கு அசைந்தால் முகத்தில் நிழலும் அசையும். இயக்குநர் செர்ஹியோ பாப்லோஸ் ஸ்பெயின்காரர். பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது, ஆஸ்கர் போட்டி வரை போய் ‘டாய் ஸ்டோரி 4’இடம் விட்டுக்கொடுத்தது. எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

காப்பித்தோட்டம்:
நான் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவன், என் எதிர்ப்பு வேறு. நல்ல பிள்ளைக்குப் பொம்மை, கெட்ட பிள்ளைக்கு நிலக்கரி என்று படத்தில் வருகிறதே, அதை லைன் வீட்டுப் பிள்ளை பார்த்தால் என்ன நினைக்கும்? அதற்கு எதுவுமே வராது. அப்பாவிடம் காசு இல்லை என்று அதற்குத் தோன்றாது, ‘நான் கெட்டவன்போல’ என்றுதான் தோன்றும். எனக்குத் தோன்றியது.

நாலு ரோடு அந்தோணி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கொட்டகையில் பிறந்தவர் யாரிடமும் ‘நீ நல்லவனா’ என்று கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை.

ஏற்காட்டு ரோஜா:
தோட்டத்துத் தம்பி, அந்த நிலக்கரி வம்பு செய்த பையனுக்கு வருவது, ஏழைப் பிள்ளைக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் சொல்வது கதையில் வரும் பையனைப் பற்றி இல்லை, பார்க்கிற பிள்ளையைப் பற்றி. அதற்குப் படம் பொறுப்பில்லை, கூட உட்கார்ந்து பார்க்கும் நாம்தான் பொறுப்பு. எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வீடு வீடாகக் கேரல் பாடிப் போகும்போது தாத்தா வேடம் போட்டவர் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பொட்டலம்தான் கொடுப்பார், நல்லவனா என்று கேட்பதில்லை. படத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காப்பித்தோட்டம்:
மறைக்கச் சொல்லவில்லை அக்கா. லைன் பக்கம் போட்டுக்காட்டுவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். அந்தப் பொட்டலங்களை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் படத்தைப் போடுவோம்.