எழுதிய நாடகத்தைக் கூடி வாசிக்க ஒரு பட்டறை: யோசனை சொல்லுங்கள்

களுவாஞ்சிக்குடியான்:
மட்டக்களப்பில் எங்கள் பக்கம் நாடகம் எழுதுகிறவர்கள் சிலர் இருக்கிறோம். பிரதியெல்லாம் கொப்பியோடு கிடக்கிறது. என்னுடையது வாவியில் இறால் பிடிக்கிற ஒரு தாயின் கதை. மாதம் ஒரு சனிக்கிழமை கூடி வாசிக்கலாம் என்று ஆசை. மண்டபம் தேவையா? யாரைக் கூப்பிடலாம்?

கல்லடி அக்கா:
வாசிகசாலை விறாந்தை போதும் தம்பி. எழுதியவர் வாசிக்கக் கூடாது, வாய் திறக்காமல் கேட்க வேண்டும். வாசிப்பவரின் நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அந்த வரியைத் திருத்துங்கள். இங்கே விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கிற பிள்ளைகளையும் கேட்டுப் பாருங்கள்.

சீலாமுனை வாசகன்:
கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். கூத்து வடமோடிப் பாணியோ தென்மோடிப் பாணியோ, களரிக்குள் வரும்போது வருகிற வரவுப் பாட்டிலும் ஆட்டத்திலுமே பாத்திரம் யாரென்று சனத்துக்கு விளங்கிவிடும். நாங்கள் அதைச் சொல்ல ஒரு காட்சி முழுக்க எழுதுகிறோம்! கூத்தாடுகிற வட்ட மேடையான வட்டக்களரியில் சுற்றிவர ஆட்கள் இருப்பார்கள், முதுகு காட்ட இடமில்லை. அதை மனதில் வைத்து எழுதிப் பாருங்கள், வசனம் தானாகக் குறையும். எங்கள் ஊரில் கூத்து மீளுருவாக்கம் நடந்தபோதும் ஊராரோடு பேசிப் பேசித்தான் பழைய பிரதியில் கை வைத்தார்கள்.

களுவாஞ்சிக்குடியான்:
சரி அண்ணன். அப்படியென்றால் இறால் பிடிக்கிற பெண்களையும் முதல் வாசிப்புக்கே கூப்பிடுகிறேன். அந்தத் தாய் பேசுவது சரியா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.