புதுப்பிப்பு: நிறுவன நடத்தையியலுக்குப் புத்தகம் வாங்கியாச்சு

எம்.பி.ஏ. முதல் செமஸ்டரில் வரும் நிறுவன நடத்தையியலுக்கு (வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று படிக்கும் பாடம்) ராபின்ஸ் எழுதிய பாடநூலா, லூதான்ஸ் எழுதியதா, எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கடைசியில் ராபின்ஸ்–ஜட்ஜ்தான், நீஹாரிகா வோரா சேர்ந்து எழுதிய இந்தியப் பதிப்பு, பழைய புத்தகக் கடையில்.

உங்களில் ஒருவர் சொன்ன சோதனைதான் முடிவு செய்தது. உளவியலாளர் மாஸ்லோ பற்றிய பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். 1943-இல் அவர் சொன்ன தேவைப் படிநிலையை (அடிப்படைத் தேவைகள் நிறைவேறிய பிறகே மேல்நிலைத் தேவைகளை நாடுவோம் என்ற கருத்து) முக்கோணம் போட்டு ஒப்பித்துவிட்டுப் போனால் கீழே வைத்துவிடலாம். ஆய்வுகள் அதைப் பெரிதாக ஆதரிக்கவில்லை என்றும் சொன்னால் வாங்கலாம். ராபின்ஸ் சொல்கிறார். எங்கள் கல்லூரி நோட்ஸ் சொல்லவில்லை!

லூதான்ஸை நூலகத்தில் புரட்டினேன். நம்பிக்கை, தன் திறன்மீது உறுதி, மீண்டெழுதல், நன்னோக்கு என்று உளவியல் மூலதனத்தை, அதாவது வேலையில் கைகொடுக்கும் மனபலத்தை, அவர் விளக்குவது அருமை. அதை மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

வாங்கிய பிரதியில் ஒரே தொல்லை, முன்பு வைத்திருந்தவர் ஒரு வரி விடாமல் மஞ்சள் ஹைலைட்டர் அடித்திருக்கிறார்.