பத்து சென்ட் நெல்லை வீட்டிலேயே அவித்து அரிசியாக்கிய அனுபவங்கள்

பூதப்பாண்டியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நெல்லை விளைவிப்பதைவிட, விளைந்த சிறிதளவு நெல்லைச் சோற்றுப்பானை வரை கொண்டுசேர்ப்பதே கடினம் என்பதை எங்கள் பத்து சென்ட் வயல் எனக்குக் காட்டியது. நாஞ்சில் நாட்டில் உழவுக்கும் அறுவடைக்கும் எப்படியோ ஏற்பாடு செய்துவிடலாம். பாசனக் கால்வாய்களும் இரண்டு பருவமழைகளும் கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு போகங்களுக்கும் துணை நிற்கின்றன. ஹெக்டேருக்கு 5 டன் என்ற கணக்கில் விளைந்தால் பத்து சென்ட்டில் ஏறக்குறைய 200 கிலோ நெல் கிடைக்கும். நான் விசாரித்த ஆலைகளில் இந்த அளவு நெல்லைத் தனியாக அவித்துத் தர இயலாது என்றும், வேறு நெல்லோடு சேர்த்துத்தான் அவிக்க முடியும் என்றும் சொன்னார்கள். இரசாயனம் இடாமல் நாமே வளர்த்த சிவப்புச் சம்பாவைக் கொடுத்துவிட்டு, எங்கோ விளைந்த அரிசியை வாங்கிவர எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே, கும்பப்பூ அறுவடை முடிந்த மாசி மாதத்தில், பக்கத்து வீட்டு ஆச்சியிடம் நெல் அவிக்கக் கற்றுக்கொண்டேன். மாலையில் அண்டாவில் நெல் மூழ்கும்படி நீர் ஊற்றி, மிதந்த பதரை அரித்தெடுத்து, தென்னை மட்டையும் கொதும்பும் வைத்து எரித்து, நீர் கொதிக்கத் தொடங்கும் முன்பே தீயை வெளியே இழுத்துவிட்டு மூடி வைத்தோம். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்தால் நெல் புளித்து, அந்த வாடை சோறு வரை வரும். சுடுநீரில் ஊறும்போது ஓர் இரவே போதும். காலையில் அந்த நீரை முழுவதும் வடித்து, அடியில் சிறிதளவு புதுநீர் விட்டு, ஆவியிலேயே வேகவிட்டோம். "உமி வாயப் பிளந்தா போதும் மக்களே, அரிசி தலைய நீட்டப்பிடாது" என்று ஆச்சி சொன்ன அடையாளத்தைவிடத் தெளிவான அளவுகோலை நான் எங்கும் காணவில்லை. இந்த வேக்காட்டில் அரிசியின் மாவுச்சத்து பசையாகி உள்விரிசல்களை அடைத்துவிடுவதால் குத்தும்போது குறுநொய் (உடைந்த அரிசி) குறைகிறது. மேல்தோலில் இருக்கும் தயாமின் போன்ற பி வைட்டமின்களில் ஒரு பகுதி உள்ளே இறங்கி, தீட்டிய பிறகும் அரிசியில் தங்குகிறது.

ஆனால், அவிப்பதைக்காட்டிலும் உலர்த்துவதுதான் அரிசியின் தரத்தை முடிவு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. உச்சிவெயிலில் ஒரே மூச்சில் காயவிட்ட நெல், மேற்புறம் சுருங்கி உள்ளே ஈரம் தங்கி, மணியின் குறுக்கே விரிசல் விடும். பாயில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி காலால் துழாவிவிட்டு, பாதி காய்ந்ததும் நிழலில் குவித்துச் சில மணி நேரம் வைத்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியே பரவிய பிறகு மீண்டும் பரப்ப வேண்டும். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு வந்துவிட்டால், பல்லில் வைத்துக் கடிக்கும்போது மணி நசுங்காமல் 'டக்'கென்று உடையும். இந்த இரண்டு கட்டக் காய்ச்சலுக்குப் பிறகு குத்திய அரிசியைச் சுளவில் புடைத்தபோது, குறுநொய் மிகக் குறைவாகவே இருந்தது.

இரணியலிலிருந்து ஓர் உறுப்பினர்:

குத்துவதைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மாவு மில்லில் பழைய இரும்பு ஹல்லர் (நெல் குத்தும் இயந்திரம்) ஒன்று இருக்கிறது. சிறிதளவு நெல்லையும் தனியாகக் குத்தித் தருகிறார்கள். அதில் உமியும் தவிடும் கலந்தே வெளிவருவதால் அந்தத் தவிட்டை மாட்டுக்குத்தான் வைக்க முடியும். இரப்பர் உருளை உள்ள இயந்திரத்தில் உமி தனியாகக் கழன்றுவிடும். சிவப்பு நிறம் தவிட்டுத் தோலில்தான் இருக்கிறது என்பதால், அங்கே ஒரு முறை மட்டும் லேசாகத் தீட்டச் சொல்லி, பக்கத்திலேயே நின்று வாங்கி வருவேன். முழுதாகத் தீட்டாத அரிசியின் தவிட்டில் உள்ள எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை கொடுக்கும் என்பதால், நெல்லாகவே வைத்திருந்து, ஒரு மாதத் தேவைக்கு மட்டும் அவ்வப்போது குத்திக்கொள்கிறோம்.

குழித்துறையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே சொல்லப்பட்டவை கும்பப்பூவுக்குப் பொருந்தும். ஆவணி, புரட்டாசியில் வரும் கன்னிப்பூ அறுவடையின்போது வானத்தை நம்பி நெல்லை அவிக்கக் கூடாது. அவித்த ஈரநெல் ஒரு நாள் குவிந்து கிடந்தாலே பூசணம் பிடித்துவிடும். அந்தப் போகத்து நெல்லை முதலில் பச்சையாகவே நன்றாக உலர்த்தி வைத்துக்கொண்டு, தொடர்ந்து வெயில் அடிக்கும் நாள்களில் ஓர் அண்டா அளவாக அவித்து வருகிறேன். அவித்த நெல் முளைக்காது என்பதால், விதைநெல்லை அவிப்பதற்கு முன்பே எடுத்து, 13 சதவீதத்துக்கும் குறைவான ஈரத்துக்கு உலர்த்தி, அந்துப்பூச்சி அண்டாதபடி காய்ந்த நொச்சி இலையுடன் தனி மூட்டையாகக் கட்டி, தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் வைத்துவிடுகிறேன்.