அப்பாவை ஜாஸ் கேக்க கூட்டிட்டு போகணும், நியூயார்க்ல எங்க போகலாம்?

ஜெர்சிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ஜெர்சி சிட்டில இருக்கேன். அப்பா மே கடைசில வந்தாரு, அக்டோபர் வரைக்கும் இருப்பாரு. 69 வயசு, கும்பகோணம். சின்ன வயசுல மிருதங்கம் கத்துக்கிட்டு பாதில விட்டவரு, ஆனா டிசம்பர் வந்தா மெட்ராஸ்ல சித்தப்பா வீட்ல டேரா போட்டு காலைல லெக்சர்ல ஆரம்பிச்சு ராத்திரி மெயின் கச்சேரி வரைக்கும் ஒண்ணு விடமாட்டாரு. இங்க சுதந்திர தேவி சிலை பாத்தாச்சு, நயாகரா போயாச்சு, பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு நாலு தடவை போயாச்சு, இப்ப சோபால உக்காந்து யூடியூப்ல பழைய கச்சேரி கேட்டுக்கிட்டு இருக்காரு.

போன வாரம் ஸ்டேஷன்ல ஒருத்தர் சாக்ஸபோன் வாசிச்சுட்டு இருந்தாரு. அப்பா ரெண்டு ட்ரெயினை விட்டுட்டு நின்னு கேட்டாரு. அப்புறம் என்கிட்ட "இவன் ஏதோ ஒரு கணக்கு வச்சு வாசிக்கறானா, இல்ல வாய்க்கு வந்தபடி ஊதறானா"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல. அதான் ஒரு நல்ல இடமா பாத்து கூட்டிட்டு போகலாம்னு. நானும் இதுவரைக்கும் போனதில்ல. கிளப்னா குடிச்சே ஆகணுமா, அவர் சுத்த சைவம் காபிக்கு மேல எதையும் தொடமாட்டாரு, டிரெஸ் ஏதாச்சும் இருக்கா, எப்ப கைதட்டணும், அப்புறம் அவருக்கு முட்டி வலி வேற, படி நிறைய இருந்தா கஷ்டம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நடுராத்திரி_செட்:
யோசிக்கவே வேண்டாம், வில்லேஜ் வேன்கார்ட்னு ஒரு ஜாஸ் கிளப். 1935ல மேக்ஸ் கார்டன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, இன்னும் அந்தக் குடும்பம்தான் நடத்துது. செவன்த் அவென்யூ சவுத்ல சிவப்பு பந்தல் போட்ட சின்ன வாசல், பாத்தா ஏதோ குடோனுக்கு போற வழி மாதிரி இருக்கும். உங்க ஊர்லேர்ந்து பாத் ட்ரெயின் ஏறி நைன்த் ஸ்ட்ரீட்ல இறங்கினா பத்து நிமிஷ நடை.

ஆனா பேஸ்மென்ட். 15 படி இறங்கணும், லிஃப்ட் கிடையாது, அதை அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

கீழ போனா முக்கோணமா ஒரு ரூம், 123 பேர்தான் உக்கார முடியும், செவுரு பூரா போட்டோ. கோல்ட்ரேன், சோனி ராலின்ஸ், பில் எவன்ஸ் மாதிரி ஜாஸ் ஜாம்பவான்கள் எல்லாம் அந்த மேடைல வாசிச்சு ரெக்கார்டு பண்ணவங்க. 1961 ஜூன் 25 ஞாயித்துக்கிழமை எவன்ஸ் டிரியோ (மூணு பேர் பேண்ட்) வாசிச்ச ரெக்கார்டிங்க ஹெட்போன் போட்டு கேட்டீங்கன்னா கிளாஸ் உரசற சத்தம், யாரோ பேசிக்கிட்டே இருக்கற சத்தம் எல்லாம் கேக்கும், அதுல பாஸ் (ஆள் உயரத்துக்கு நிக்கற வயலின் மாதிரி வாத்தியம்) வாசிச்ச ஸ்காட் லஃபாரோ அடுத்த பதினோரு நாள்ல கார் ஆக்சிடென்ட்ல போயிட்டாரு, 25 வயசு. அன்னைக்கு பேசிட்டு இருந்தவங்களுக்கு என்ன தெரியும்.

இப்பல்லாம் பேச விடமாட்டாங்க. போன் எடுத்தா வந்து தட்டுவாங்க. ராத்திரி 8க்கு ஒரு செட், அதாவது ஒரு கச்சேரி, 10க்கு ஒரு செட். டிக்கெட் ஆன்லைன்ல எடுக்கலாம் ஆனா சீட்டு நம்பர் கிடையாது, முன்னாடி போனா முன்னாடி இடம், அதனால 7 மணிக்கே கதவுகிட்ட நில்லுங்க. ஆளுக்கு ஒரு டிரிங்க் வாங்கணும், அது ஜிஞ்சர் ஏல் ஆனாலும் சரி வெறும் சோடா ஆனாலும் சரி, யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. சாப்பாடு கிடையாது, கிச்சன்னு இருக்கறதுலதான் வித்வான்கள் உக்காந்து அரட்டை அடிப்பாங்க. சாப்ட்டுட்டு போங்க. மத்தியானமே அந்தப் பக்கம் வந்தா வாஷிங்டன் ஸ்கொயர் பார்க்ல நம்ம இலங்கைத் தமிழர் ஒருத்தர் ரொம்ப வருஷமா தள்ளுவண்டில தோசை போட்டாரு, இப்பவும் இருக்காரான்னு பாத்துட்டு போங்க, சாயங்காலம் போனா இருக்க மாட்டாரு. டிரெஸ் என்ன வேணா போடுங்க, உள்ள ஏசி ஜாஸ்தி, அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர்.

செவ்வாய்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் பெரும்பாலும் ஒரே பேண்ட் வாசிக்கும். சனிக்கிழமை டூரிஸ்ட் கூட்டம், புதன் வியாழன் போங்க, கை நல்லா சூடாயிருக்கும்.

பில்லுல_அடிபட்டவன்:
எல்லாரும் நல்லதையே சொல்றீங்க, நான் ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி கல்யாண நாளுக்கு பேர்போன ஒரு கிளப்புக்கு (பேர் வேண்டாம்) வைஃபோட போனேன். டிக்கெட்டுக்கு ஒரு ரேட்டுன்னு எடுத்துட்டு போனா அங்க ஆளுக்கு மினிமம் இவ்வளவுக்கு சாப்பிடணும், அதுக்கு மேல டேக்ஸ், அதுக்கு மேல சர்வீஸ்னு அவங்களே போட்டுட்டாங்க, அது தெரியாம நான் தனியா டிப்ஸ் வேற வச்சேன். நீட்டு டேபிள்ல எதிர்த்தாப்ல தெரியாத ஆளு முட்டிக்கு முட்டி இடிக்க உக்காந்திருக்கான், செட்டு ஒண்ணே கால் மணி நேரம், முடிஞ்ச உடனே அடுத்த செட்டுக்கு ஆள் வெயிட்டிங் எந்திரிங்கன்னுட்டாங்க. கல்யாண வீட்ல சாப்ட்டுட்டு இருக்கும்போதே பின்னாடி வந்து நிப்பாங்களே அந்த மாதிரி. பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்லலைன்னா பாவம். புக் பண்றப்போ கீழ பொடி எழுத்துல இருக்கறத படிச்சுட்டு புக் பண்ணுங்க, அவ்ளோதான்.

கஞ்சிரா_கணக்கு:
ஜெர்சிப்பொண்ணு, உங்கப்பா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. நான் வீக்கெண்ட்ல டிரம்ஸ் வாசிக்கறவன், சின்ன வயசுல எங்க தாத்தா கஞ்சிரா சொல்லிக் குடுத்தாரு, அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

கணக்கு இருக்கு. பயங்கரமா இருக்கு. ஸ்டாண்டர்டுன்னு எல்லாரும் வாசிக்கற பழைய பாட்டு நிறைய 32 பார், பார்னா தாளத்துல ஒரு அளவு. எட்டு எட்டா நாலு துண்டு, மொதல்ல ஒரு மெட்டு, அதே மெட்டு மறுபடியும், அப்புறம் பிரிட்ஜுன்னு வேற ஒரு மெட்டு, திரும்ப மொத மெட்டு. ஒரு பாருக்கு நாலு அடி. அப்ப 128 அடி. உங்கப்பாவுக்கு புரியற மாதிரி சொன்னா 16 ஆவர்த்தனம் ஆதி தாளம், ஆவர்த்தனம்னா தாளத்துல ஒரு சுத்து, ஆதில அது 8 அடி. மொதல்ல எல்லாரும் சேந்து மெட்டை ஒருக்கா வாசிப்பாங்க, அதை ஹெட்டுன்னு சொல்லுவாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா சோலோ எடுப்பாங்க. சோலோல மெட்டு காதுல விழாது ஆனா அடில அந்த 16 ஆவர்த்தனம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். நாம ஒரே வரியை விதவிதமா மாத்தி நிரவல் பாடறப்போ தாளம் பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கும்ல, அதே கதைதான். என்ன, இங்க கையில தாளம் போட ஆள் கிடையாது, எல்லார் மண்டையிலயும் ஓடுது. ராகத்துக்கு பதிலா கார்டு (ஒரே நேரத்துல சேந்து ஒலிக்கற ஸ்வரங்கள்) மாறிக்கிட்டே போகும், அதுதான் நம்ம காதுக்கு மொதல்ல பிடிபடாது, தலையை சுத்தும். அதை விட்டுடுங்க. மொத நாள் தாளத்தை மட்டும் பிடிச்சுக்க சொல்லுங்க. புளூஸ்னு வாசிச்சா 12 பார், 6 ஆவர்த்தனம், அது இன்னும் ஈசி.

கடைசில டிரம்மரோட நாலு நாலு பாரா மாத்தி மாத்தி வாசிப்பாங்க. ரெண்டு ஆவர்த்தனம் பியானோ, ரெண்டு ஆவர்த்தனம் டிரம்ஸ். மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனத்துல மாறி மாறி வாசிச்சு, அளவை சின்னதாக்கிக்கிட்டே குறைப்புக்கு போவாங்களே, அந்த இடம் வரும்போது உங்கப்பா நிமிந்து உக்காருவாரு பாருங்க.

கைதட்டறது ஒவ்வொரு சோலோ முடிஞ்சதும் தட்டலாம், பாட்டு முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஸ்லோ பாட்டுன்னா கொஞ்சம் பாத்து. தொடைல தாளம் போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சத்தமா மட்டும் வேண்டாம், அவங்க அழுத்தம் ரெண்டாவது நாலாவது அடில, நம்ம ஆளுங்க ஒண்ணுல மூணுல தட்டினா பக்கத்து சீட்டுக்காரன் நெளிவான். இது சொந்த அனுபவம்.

இன்னொண்ணு, விஜய் ஐயர் வாசிக்கற டேட் ஏதாச்சும் கிடைச்சா விட்டுடாதீங்க. தமிழ் அப்பா அம்மாவுக்கு இந்த நாட்டுலயே பொறந்தவரு, பியானோ, 2013ல மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் வாங்கினாரு, ஹார்வர்டுல புரொபசர். ருத்ரேஷ் மகந்தப்பான்னு ஆல்டோ சாக்ஸ் வாசிக்கறவரு இருக்காரு, நம்ம சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத்தோட சேந்து 2008ல ஒரு ஆல்பம் பண்ணாரு. கத்ரி பேரைச் சொன்னா உங்கப்பா கண்டிப்பா வருவாரு.

ஸ்காபரோ_அண்ணை:
தங்கச்சி, நியூயோர்க்கில காசு குடுத்து நிலக்கீழ் அறைக்குள்ள இருந்து கேக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும், ஜூன் கடைசியில அப்பாவைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு, மொன்றியல் ஜாஸ் விழாவுக்கு வாங்கோவன். நாங்கள் ஒவ்வொரு வருசமும் ரொறன்ரோவில இருந்து காரில போறனாங்கள், ஆறு மணித்தியால ஓட்டம். 1980 இல தொடங்கின விழா, முதல் வருசமே ரே சார்ள்ஸ் வந்தவர். 2004 இல உலகத்திலயே பெரிய ஜாஸ் விழா எண்டு கின்னஸில போட்டவங்கள். பத்து நாள் மட்டில நடக்கும், ஹோலுக்குள்ள நடக்கிறதுக்குத்தான் டிக்கெட், வெளி மேடையில நடக்கிறது முழுக்க இலவசம். நடு ரவுணில தெருவுகளைப் பூட்டி விட்டிடுவினம், சனம் எண்டால் எங்கட நல்லூர்த் திருவிழா மாதிரி. பிள்ளையள் தண்ணிக்குள்ள விளையாடுவினம், ஒரு மேடையில முடிய மற்ற மேடையில தொடங்கும், பிடிக்காட்டி அங்கால நடந்து போகலாம். அதுதான் முதல்தரம் கேக்கிற ஆக்களுக்கு நல்லது.

பியானோ வாசிச்ச ஒஸ்கார் பீற்றர்சன் பிறந்த ஊரும் அதுதான், 1925 இல, தகப்பன் ரெயில்வேயில போர்ட்டர் வேலை. காரைத் தூர விட்டிட்டு மெற்றோவில பிளாஸ் டெஸ் ஆர்ஸ் ஸ்ரேசனில இறங்குங்கோ. ஜூலை முதலாம் திகதி மட்டும் காரோட ஊருக்குள்ள போயிடாதேங்கோ, கியூபெக்கில அண்டைக்குத்தான் எல்லாரும் வீடு மாறுறது, தெருவெல்லாம் மெத்தையும் ஃபிரிட்ஜும்.

ஒண்டு சொல்லவேணும், விழாவில ஜாஸ் மட்டும் இல்லை, பொப், ராப், ஆபிரிக்கன் எண்டு எல்லாம் கலந்துதான் இருக்கும். சுத்தமான ஜாஸ்தான் வேணும் எண்டால் ஹோல் நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கவேணும்.

நடுராத்திரி_செட்:
அண்ணே நல்ல ஐடியா, ஆனா அவங்கப்பா இந்தியன் பாஸ்போர்ட்ல வந்திருப்பாரு, கனடாவுக்கு தனியா விசா போடணும். இந்த வருஷம் நடக்காது.

முட்டி வலி உள்ளவங்களுக்கு படியே இல்லாத இடம் வேணும்னா கொலம்பஸ் சர்க்கிள்ல டிஸ்ஸிஸ் கிளப். லிங்கன் சென்டர் ஜாஸ்காரங்களோடது, அஞ்சாவது மாடி, லிஃப்ட் உண்டு, மேடைக்கு பின்னாடி கண்ணாடி, அதுக்கு பின்னாடி சென்ட்ரல் பார்க். அங்க சாப்பாட்டுக்கு மினிமம் உண்டு, மேல தம்பி அழுத கதையை ஞாபகம் வச்சுக்கங்க. ஓசில கேக்கணும்னா ஆகஸ்ட் கடைசில சார்லி பார்க்கர்ங்கற பெரிய சாக்ஸபோன்காரர் பேர்ல ஒரு ஃபெஸ்டிவல், ஹார்லெம்ல மார்கஸ் கார்வி பார்க்லயும் கீழ டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பார்க்லயும் நடக்கும். அந்த ரெண்டாவது பார்க்குக்கு எதிர்த்த வீட்லதான் பார்க்கர் குடியிருந்தாரு. நல்ல வெயில் இருக்கும், தொப்பியும் தண்ணி பாட்டிலும் எடுத்துக்கங்க.

ஜெர்சிப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். நேத்து ராத்திரி போயிட்டு வந்தோம், வேன்கார்டுக்கே. லிஃப்ட் இருக்கற இடத்துக்கு போலாம்ப்பான்னுதான் சொன்னேன், "சுவாமிமலைல 60 படி ஏறினவன், 15 படி இறங்க மாட்டேனா"ன்னுட்டாரு. இறங்கினாரு, கைப்பிடியை பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல ஒவ்வொரு படியா, பின்னாடி இருந்த அத்தனை பேரும் பொறுமையா நின்னாங்க.

ஏழேகாலுக்கே போனதால மேடைலேர்ந்து ரெண்டாவது வரிசை. பியானோ, பாஸ், டிரம்ஸ், மூணே பேரு. அப்பா ஜிஞ்சர் ஏலை ஒரு வாய் குடிச்சுட்டு "கோலி சோடா இதைவிட நல்லா இருக்கும்"னு தள்ளி வச்சுட்டாரு. மொத பாட்டு முழுக்க முகத்துல ஒண்ணுமே தெரியல, எனக்கு பயமா போச்சு. ரெண்டாவது பாட்டுல தொடைல விரல் போக ஆரம்பிச்சுது. சுண்டு விரல்லேர்ந்து எண்ணறாரு, ஸ்பீடா போறதால வீச்செல்லாம் விட்டுட்டு வெறும் தட்டு மட்டும். கஞ்சிரா_கணக்கு எழுதினதை ட்ரெயின்லயே படிச்சு காமிச்சிருந்தேன். பியானோ சோலோ நடுவுல என் காதுகிட்ட வந்து "இப்ப வரும்"னாரு. வந்துச்சு! மூணு பேரும் ஒண்ணா ஒரு இடத்துல இறங்கினாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் "இப்ப"ன்னு விரலை மடக்கறாரு. ஒரே ஒரு தடவை தப்பா போச்சு, அதுக்கும் "டிரம்ஸ்காரன் வேணும்னே ஏமாத்திட்டான்"னு அவன் மேலயே பழி.

ஒரு ஸ்லோ பாட்டுல டிரம்மர் குச்சியை வச்சுட்டு கம்பி பிரஷ்ஷை எடுத்து தேய்ச்சாரு, தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சு தொடப்பத்தால இழுப்போமே அதே சத்தம். அப்பாவும் அதையேதான் சொன்னாரு.

ஆனா அவரை அசத்தினது வேற. பாஸ் சோலோ வந்துச்சு, பியானோ நின்னுடுச்சு, டிரம்ஸ்காரர் சும்மா சிம்பல் தட்டோட ஓரத்துல டிக் டிக்னு வச்சுட்டு இருந்தாரு. நாலு நிமிஷம் இருக்கும். அந்த நாலு நிமிஷமும் உள்ள ஒரு நாற்காலி நகரல. ஐஸ் உருகி கிளாஸ்ல விழற சத்தம் கேக்குது. முடிஞ்சு எல்லாரும் தட்டும்போது அப்பா தட்டல, திரும்பி பின்னாடி கூட்டத்தைப் பாத்தாரு. "நம்ம கச்சேரி மாதிரி இல்ல, தனி வந்தா ஒருத்தன் எந்திரிச்சுப் போகல பாரு"ன்னாரு. மிருதங்கத்தை ஏன் விட்டீங்கன்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல, நேத்தும் கேக்கல.

வெளிய வந்து பீட்சா ஒரு துண்டு வாங்கி நின்னுக்கிட்டே சாப்ட்டோம். ட்ரெயின்ல வரும்போது, "அன்னைக்கு ஸ்டேஷன்ல ஊதினான்ல, அவனும் கணக்காத்தான் ஊதிருப்பான், நமக்குதான் தெரியல, ஒரு டாலர் போட்டிருக்கலாம்"னாரு. இப்ப காலைலேர்ந்து ஒரே நச்சரிப்பு, அடுத்தது எப்பன்னு. திங்கக்கிழமை என்ன இருக்கு அங்க?

நடுராத்திரி_செட்:
திங்கள்னா வேன்கார்ட் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா, 1966லேர்ந்து வாராவாரம். 16 பேரு அந்த சின்ன மேடைல. இந்தத் தடவை ரெண்டாவது வரிசைல உக்காராதீங்க, டிராம்போன் நேரா அப்பா காதுக்குள்ள வரும், பின்னாடி செவுத்தோரம் பாருங்க.

கஞ்சிரா_கணக்கு:
டிரம்ஸ்காரன் வேணும்னேதான் ஏமாத்தினான். அப்பாகிட்ட சொல்லிடுங்க, அவர் எண்ணினது சரியா இருந்திருக்கும்.